டிஸ்க் பிரேக்கும் தேய்ந்த கேபிளும்



மேருவிலிருந்து ஜாலான் மேரு வழியாகக் கிள்ளானுக்குச் சைக்கிளில் வேலைக்குச் செல்பவர்கள் அறிவார்கள். முன்னால் போகும் லாரி சட்டென்று நின்றால் நாமும் நின்றாக வேண்டும். அந்த நொடியில் நம்மைக் காப்பது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கேபிள்தான்.

டிஸ்க் பிரேக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. மற்றது கேபிளால் இயங்குவது. நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான். பிடியை அமுக்கினால் உறைக்குள் ஓடும் கம்பி இழுபட்டு, காலிப்பரின் கையை இழுக்கிறது. உடனே கட்டைகள் சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்வுகின்றன. உறையும் கம்பியும் சேர்ந்த இந்த ஏற்பாட்டுக்கு எர்னஸ்ட் பௌடன் 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

நம் நாட்டு மழை கேபிளுக்குப் பகை. உறைக்குள் நீர் இறங்கித் துருப்பிடித்தால் பிடி கனக்கும். விட்டதும் திரும்பி வராது. பிடிக்குள் மறைந்திருக்கும் குமிழின் கழுத்தைப் பாருங்கள். இழைகள் முதலில் அறுவது பெரும்பாலும் அங்கேதான். ஓரிழை போனாலும் மாற்றிவிட வேண்டும்.

கடையில் கம்பியையும் உறையையும் சேர்த்தே வாங்குவோம். கியர் உறையைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. பிரேக் உறையில் எஃகு சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறையில் நீளவாட்டில் கிடக்கும், பிரேக்கின் இழுவையில் பிளந்துவிடும். கையிலிருக்கிறதே என்று நாமும் ஒரு சமயம் அதைப் போட்டோம். நல்ல வேளை, வீட்டு வாசலிலேயே பிளந்தது.

காலிப்பரின் திருகாணியைத் தளர்த்திப் பழைய கம்பியை உருவுவோம். பழைய உறையின் அளவுக்கே புதியதை வெட்டி, ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்போம். உறை இழுபடக் கூடாது. வெட்டிய முனையை அரத்தால் சமமாக்கி, நசுங்கிய உட்குழாயை ஊசியால் திறந்து, முனைக்குத் தொப்பியிட்டுக் கம்பியைக் கோக்க வேண்டும். தட்டில் எண்ணெய் ஒரு சொட்டும் படக் கூடாது. கட்டை அதை உறிஞ்சிவிட்டால் பிடிப்பே போய்விடும்.

இனிப் பலரும் தவறும் இடத்துக்கு வருவோம். பழைய சைக்கிளில் கட்டை தேய்ந்தால் கேபிளை இறுக்கிப் பழகியவர்கள் நாம். டிஸ்க் பிரேக்கில் அது ஆகாது. பிடியை விட்டதும் காலிப்பரின் கை தன் பழைய நிலைக்கு முழுவதும் திரும்ப வேண்டும். கேபிளை இறுக்கிக்கொண்டே போனால் கை பாதி வழியிலேயே நின்றுவிடும். மீதியுள்ள சிறு ஓட்டத்தில் கட்டைகள் தட்டை அழுத்தமாகக் கவ்வா. பிடி இறுகியிருக்கும், சைக்கிளோ நிற்காது. ஆகவே கட்டை தேய்ந்தால் காலிப்பரிலுள்ள திருகியைக் கொண்டே அதைத் தட்டின் பக்கம் நகர்த்த வேண்டும். பல காலிப்பர்களில் வெளிப்புறக் கட்டை மட்டுமே அசையும். அவற்றில் உட்கட்டையைத் தட்டை உரசாத அளவுக்கு நெருக்கி வைப்பது நம் வேலை.

கம்பியைக் கையால் இழுத்துத் திருகாணியை முடுக்கியபின், நின்ற இடத்திலேயே பத்துப் பதினைந்து முறை பிடியைப் பலமாக அமுக்குவோம். கம்பி நழுவினால் இப்போதே தெரிந்துவிடும். சில நாள் ஓட்டத்தில் புதிய உறை படிந்து கொஞ்சம் தளர்வு காணும். அதற்கு மட்டும் பிடியருகே உள்ள சிறு திருகியைத் திருப்பினால் போதும்.