மரவள்ளி நஞ்சை முறிக்கும் நொதி: சூடு மிஞ்சினால் வேலை நின்றுவிடும்

கொல்லிமலை குண்டூர் நாட்டு விவசாயிகளே, உங்கள் மரவள்ளிக் கிழங்கு மலையிறங்கி சேகோ ஆலைக்குப் போனால், மாவுச்சத்து 'பாயிண்ட்' கணக்கில் விலை கிடைக்கும். லாரியில் ஏறாமல் மிஞ்சும் கிழங்கு வீட்டு அடுப்புக்கும், தோலும் தழையும் ஆடு, மாடுகளுக்கும் போகின்றன. கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

மரவள்ளியின் கிழங்கு, தோல், இலை எல்லாவற்றிலும் லினமாரின் என்ற பொருள் உள்ளது. அதைச் சிதைக்கும் லினமாரேஸ் என்ற நொதியும் அருகிலேயே, ஆனால் தனி இடத்தில் இருக்கிறது. நறுக்கும்போதும் அரைக்கும்போதும் இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு பிரிகிறது. இது சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். ஆலையில் கிழங்கை அரைத்து, நீரில் கழுவி, மாவைத் தெளியவைக்கும்போது நஞ்சில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

சூட்டின் எல்லை

நொதி ஒரு புரதம். லினமாரேஸ் சுமார் 70 டிகிரிக்கு மேல் செயலிழக்கும். லினமாரினோ கொதிநீரையும் தாங்கும். கொதிக்கும் நீரில் பெரிய துண்டுகளைப் போட்டால், நொதி முதலில் அழிந்து லினமாரின் கிழங்கிலேயே தங்கிவிடும்.

மாவுச்சத்திலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கும் ஆலைகளும் இந்தக் கணக்கைப் பார்த்தே இயங்குகின்றன. அங்கு பயன்படும், பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஆல்பா அமைலேஸ் 100 டிகிரியைத் தாண்டியும் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். அடுத்து வரும் குளுக்கோஅமைலேஸுக்கு 60 டிகிரிதான் ஏற்றது. அதனால் கரைசலை ஆறவைத்த பிறகே அதைச் சேர்க்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* தோலைத் தடிப்பாக உரித்து, கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.
* நிறைய பச்சைத் தண்ணீரில் போட்டு, மெதுவாகச் சூடேற்றி, மூடாமல் வேகவையுங்கள். நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும்.
* வெந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கரைந்த லினமாரின் அதில்தான் இருக்கும்.
* கசக்கும் கிழங்கைச் சாப்பிட வேண்டாம். வறட்சியில் விளைந்த கிழங்கில் நஞ்சு கூடுதலாக இருக்கும்.
* தழையையும் தோலையும் பச்சையாகப் போடாதீர்கள். நறுக்கி, பரப்பி, நன்கு உலர்த்திய பின் சிறிதளவு மட்டும் கொடுங்கள். எஞ்சிய லினமாரினை கால்நடையின் இரைப்பை நுண்ணுயிர்களும் சிதைத்து நஞ்சாக்கும்.

தழை தின்ற ஆடு, மாடு மூச்சுத் திணறினாலோ, தள்ளாடினாலோ, நுரை தள்ளினாலோ கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். இந்த நஞ்சுக்கு முறிமருந்து உண்டு, ஆனால் சில நிமிடத் தாமதமும் உயிரைப் பறிக்கும்.