மொழிக் கள ஆய்வில் மாதிரி எடுத்தல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. மாதிரி எடுத்தலின் அடிப்படையை இது சுருங்கக் கூறுகிறது. ஆயினும் இது மெய்யாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே வகையினதாய், ஒரே கொதிநீரில் புரண்டு வெந்ததாய் இருத்தல் வேண்டும். பழைய அரிசியும் புதிய அரிசியும் கலந்து உலையிலிட்டால், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதால் பயனில்லை. மொழிச் சமுதாயம் எவ்வகைப் பானை என்று மொழியியலார் கருதினரோ, அதற்கேற்பவே தகவலாளர்களின் எண்ணிக்கையும் அமைந்து வந்துள்ளது.

அமைப்பு மொழியியலார் பலர், ஒரு மொழியின் இலக்கணத்தை விவரிக்க ஒரு நல்ல தகவலாளர் போதும் என்று கொண்டனர். ஒலியன் அமைப்பு, சொல்லாக்கம் போன்ற அடிப்படைக் கூறுகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பிழையன்று. சிக்கல், அந்த ஒருவர் பேச்சுக்கு ஒரு மாவட்டத்தின் பெயரைச் சூட்டும்போது எழுகிறது. பிரான்சில் ழீலியெரோனின் மொழி நிலப்படத்துக்காக எட்மோன் 1897 முதல் 1901 வரை 639 ஊர்களுக்குச் சென்று தரவு திரட்டினார். பெரும்பாலான ஊர்களில் அவர் கேட்டது ஒருவரையே. பின்வந்த கிளைமொழி ஆய்வுகளிலும் ஊரைவிட்டு அகலாத, கல்வி குறைந்த, முதிய ஆண்களே விரும்பித் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பழைய வடிவங்களைத் தேடுவோர்க்கு இத்தேர்வு பொருந்தும். ஆனால் திருமணத்தால் வேற்றூரிலிருந்து வந்த பெண்களும், பிழைப்புக்காகக் குடிபெயர்ந்தோரும், இளைஞரும் அவ்வூரின் பேச்சில் இல்லாதவராகி விடுகின்றனர்.

இந்தியாவில் கிரியர்சனின் மொழி அளவாய்வு இன்னொரு வகைச் சிக்கலைக் காட்டுகிறது. 1903 முதல் 1928 வரை வெளிவந்த அதன் தொகுதிகள், விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையை ஒவ்வொரு கிளைமொழியிலும் மொழிபெயர்த்துப் பெற்ற பாடங்களைப் பெரிதும் சார்ந்தவை. அவற்றைத் திரட்டி அனுப்பியோர் அரசு அலுவலர்கள். ஒப்பீட்டுக்கு ஒரே கதை வசதியானதே. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அறிவது போல, மூலத்தின் தொடரமைப்பு பெயர்ப்பிலும் தன் தடத்தை விட்டுச் செல்லும். எழுத்தறிந்த ஒருவர் மொழிபெயர்த்து எழுதிய தொடரும், எழுத்தறியாத ஒருவர் தன் போக்கில் கூறும் கதையும் ஒரே தரவாகா. கிரியர்சனும் இதனை உணர்ந்தே, அப்பகுதியில் வழங்கும் கதையையோ பேச்சையோ தனி மாதிரியாகக் கேட்டுப் பெற்றார். சென்னை மாகாணம் இவ்வளவாய்வின் எல்லைக்குள் வரவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

விடுபடுவோர் யார் என்பது ஆய்வின் முடிவையே மாற்றும் என்பதற்குக் கம்பர்சு 1958இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். உத்தரப்பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில், தீண்டப்படாதோர் எனப்பட்ட சாதியினரின் பேச்சு ஏனையோர் பேச்சினின்று வேறுபடுவதை அவர் கண்டார். ஊரின் நடுத்தெருவில் மட்டும் கேட்டு எழுதியிருந்தால், அவ்வூரில் ஒரே கிளைமொழி வழங்குகிறது என்றே குறிப்பு எழுதப்பட்டிருக்கும்.

மாதிரி எடுப்பதற்கு முன், யாரைப் பற்றிய முடிவு வேண்டும் என்பதை வரையறுத்தல் வேண்டும். அவர்கள் அனைவரும் அடங்கிய பட்டியல் அடுத்த தேவை. இங்கிலாந்தின் நாரிச் நகரில் டிரட்கில் எடுத்துக்கொண்ட 60 பேருள் 50 பேர் வாக்காளர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எஞ்சிய 10 பேர் பள்ளி மாணவர். பட்டியலில் சிறுவர் இடம்பெறாமையால் இந்தச் சேர்க்கை தேவைப்பட்டது. இந்தியாவிலும் வாக்காளர் பட்டியல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரைக் காட்டாது.

ஓர் ஊரின் பட்டியலில் 2400 பெயர்கள் உள்ளன எனவும், 60 பேர் தேவை எனவும் கொள்வோம். 1 முதல் 40 வரையுள்ள எண்களில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து, அவ்வெண்ணிலிருந்து ஒவ்வொரு நாற்பதாவது பெயரையும் குறித்துக்கொண்டால் போதும். பட்டியல் தெருவாரியாக அமைவதால் எல்லாத் தெருக்களும் தத்தம் அளவுக்கேற்ப மாதிரியில் இடம்பெறும். தெருவும் சாதியும் பெரிதும் ஒன்றியிருக்கும் ஊர்களில் இது சிறிய நன்மையன்று. ஆனால் குறித்த பெயருக்கு உரியவர் வீட்டில் இல்லையென்று அடுத்த வீட்டுக்குச் சென்றால் முறை குலைந்துவிடும். பகலில் வீட்டில் இருப்போர் முதியோரும் வெளிவேலைக்குச் செல்லாதோருமே. வயலுக்கும் ஆலைக்கும் சென்றவரை மாலையில் மீண்டும் தேடிச் செல்வதே முறை. களப்பணியில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

எத்தனை பேர் போதும்? மக்கள்தொகையில் இத்தனை விழுக்காடு என்று கூறும் வழக்கத்துக்குப் புள்ளியியலில் ஆதாரமில்லை. தொகுதி பெரிதாயின், துல்லியம் மாதிரியின் எண்ணிக்கையைப் பொறுத்ததேயன்றி, அது தொகுதியில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்ததன்று. ஒரு வடிவத்தைப் பாதிப்பேர் வழங்குகின்றனர் எனக் கொண்டால், எளிய சமவாய்ப்பு மாதிரியில் 100 பேரைக் கேட்கும்போது பிழை எல்லை ஏறத்தாழ 10 விழுக்காடு. 400 பேரெனில் 5. 1600 பேரெனில் 2.5. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை உண்மை அளவு இவ்வெல்லைக்குள் அமையும். பிழையைப் பாதியாக்க உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதும் உண்மை. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றும், ரூசுவெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்து பெருமளவு பெயர்களை எடுத்ததும், விடையனுப்ப முன்வந்தோரை மட்டுமே எண்ணியதும் இதற்குக் காரணங்கள்.

மொழி ஆய்வில் வேறொரு கணக்கும் உண்டு. நான்கு சமூகப் பிரிவு, இரு பால், மூன்று வயதுப்பிரிவு எனக் கொண்டால் 24 அறைகள் உண்டாகும். அறைக்கு ஐவரெனில் 120 பேர். ஒவ்வொருவரிடமிருந்தும் 100 எடுத்துக்காட்டுகள் கிடைப்பின் 12,000 ஆகும். இவற்றைத் தனித்தனித் தரவாக எண்ணி முக்கியத்துவச் சோதனை நடத்துவது தவறு. ஒருவர் வாயிலிருந்து வரும் நூறும் ஒன்றையொன்று சார்ந்தவை. மாதிரியின் அளவு 120 பேரே.

லபோவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் மேற்கொண்ட ஆய்வு பலரும் அறிந்தது. நான்காம் மாடியில் கிடைக்கும் பொருளைப் பற்றி வினவி, 264 பணியாளர்களின் விடையில் ரகர ஒலிப்பைக் குறித்தார். உயர்நிலை அங்காடியில் 62, இடைநிலையில் 51, கீழ்நிலையில் 20 விழுக்காட்டினர் முழுமையாகவோ ஓரளவோ ரகரத்தை ஒலித்தனர். பேசியவர் தம் பேச்சு ஆராயப்படுவதை அறியார். தமிழில் ழகரத்தை இவ்வாறு நோக்கலாம். "நீங்கள் ழகரத்தைச் சரியாக ஒலிக்கிறீர்களா?" என்று கேட்டால் கிடைப்பது மனப்பான்மை பற்றிய தரவே. "கடைக்கு என்றைக்கு விடுமுறை?" என்று கேட்டால் "வெள்ளிக்கிழமை" என்னும் விடையில் ழகரமோ, ளகரமோ, யகரமோ இயல்பாக வெளிப்படும். "வெள்ளி" என்று மட்டும் சொல்லி நிறுத்துவோரும் உண்டு என்பதால், முன்னோட்டம் பார்க்காமல் இவ்வினாவை நம்பவியலாது.

வினாவின் சொற்களும் ஒருவகை மாதிரியே. 2011 மக்கள் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது, குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி. தமிழ் வழக்கில் இச்சொல் தம் குடும்பத்துக்கு, தம் இனத்துக்கு உரிய மொழி என்னும் பொருளையும் தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்து, தாயிடம் தமிழையே கேட்டு வளர்ந்தவர், வரையறைப்படி தமிழையும் வழக்குப்படி தெலுங்கையும் கூறக்கூடும். இரண்டும் நேர்மையான விடைகளே. 2011இல் மக்கள் கூறிய மொழிப்பெயர்கள் 19,569. ஆய்ந்து ஒழுங்குபடுத்தியபின் அவை 1369 ஆயின. அனைவரையும் எண்ணும் கணக்கெடுப்பில் மாதிரிப் பிழை இல்லை. வினாவைப் புரிந்துகொண்டதில் உள்ள வேறுபாடு அப்படியே நிற்கிறது.

ஆகவே வினாநிரலை மொழிபெயர்ப்போர், பெயர்ப்பை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்துப் பார்ப்பதோடு நின்றுவிடுவது போதாது. கற்ற இருவர் இருமுறை பெயர்த்தாலும் "தாய்மொழி" தாய்மொழியாகவே திரும்பி வரும். கணக்கெடுக்கப்படவுள்ள ஊரில் பத்துப் பேரிடம் வினாவைப் படித்துக்காட்டி, தங்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதை அவரவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்து எழுதிக்கொள்ளலாம். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை இது.