மின்சாரம் திரும்பி வரும் வழி

கடந்த ரமழானில் ஓர் இரவு. தராவீஹ் தொழுகை முடிந்தபின், பாட்டி வீட்டிலிருந்த என் மகளை மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு கண்மாய்க்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். ரப்பர் கருகும் வாடை வந்தது. "அத்தா, ஏதோ தீயுது" என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் முகப்பு விளக்கு அணைந்தது. பெட்ரோல் டேங்கின் அடியிலிருந்து புகை கிளம்பிற்று. மகளைத் தூரமாகப் போகச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் நின்றது. புகை நிற்கவில்லை.

எதிரே வந்த வாலிபர் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, ஸ்குரூ டிரைவருடன் ஓடிவந்தார். பக்க மூடியைத் திறந்து, பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றி விட்டார். புகை மெல்ல அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ், தீ டேங்கை எட்டவில்லை.

சாவியை அணைத்த பிறகும் புகை ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் மெக்கானிக் பாய் டேங்கைக் கழற்றிக் காட்டியபோது விடை கிடைத்தது. பேட்டரியிலிருந்து சாவி சுவிட்சுக்குச் செல்லும் சிவப்பு ஒயர், ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் இரும்புச் சட்டத்தோடு உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. அந்த ஒயரில் எப்போதும் மின்சாரம் நிற்கும். சாவி அதற்கு அப்பால் உள்ளதைத்தான் அணைக்கும். அந்த ஒயரைக் காக்கவேண்டிய ஃபியூஸ் இருந்த இடத்திலோ, முறுக்கிய செம்புக் கம்பி ஒன்று இருந்தது.

"இதை வைத்தது யார், ஹஜ்ரத்?" என்று பாய் கேட்டார். நான் தலைகுனிந்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஃபியூஸ் அடிக்கடி எரிந்தது. வேறொரு பட்டறையில் "எப்படியாவது ஓடும்படி செய்து கொடுங்கள்" என்று அவசரப்படுத்தியவன் நான். அவர் கம்பியை முறுக்கி வைத்தார். நானும் மகிழ்ந்து, கெட்டிக்காரர் என்று நாலு பேரிடம் புகழ்ந்தேன். பள்ளிவாசல் முன் ஹேண்டிலை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதுதான் ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் எரிந்தது என்பதைக் கண்டிருந்தும், அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

கலைப் பட்டதாரியான நான் அதன்பின் பாயின் பட்டறையில் சில மாலைப் பொழுதுகளைக் கழித்துக் கற்றதை இங்கு எழுதுகிறேன். வீட்டுத் தலைவர் வளைகுடாவில் உழைக்க, இங்கே பெண்களும் பிள்ளைகளுமே வண்டி ஓட்டும் குடும்பங்கள் நம்மில் ஏராளம் என்பதும் ஒரு காரணம்.

இரும்புச் சட்டமும் ஓர் ஒயர்தான்

மின்சாரம் பேட்டரியின் நேர்முனையில் புறப்பட்டு, விளக்கை எரித்து, எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் புறப்படவே செய்யாது. வீட்டு விளக்குக்கு இரண்டு ஒயர்கள் செல்வதை நாம் காண்கிறோம். மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியின் பெரும்பகுதி வண்டியின் இரும்புச் சட்டமே. விளக்கு, ஹாரன் ஆகியவற்றின் எர்த் ஒயர்கள் ஏதோ ஓரிடத்தில் போல்ட் மூலம் சட்டத்தோடு சேர்கின்றன. அந்த போல்ட்டின் அடியில் துரு ஏறினாலோ, புதிதாகப் பெயிண்ட் அடித்தவர் அதன்மீதும் அடித்துவிட்டாலோ, பல்பு நன்றாயிருந்தும் எரியாது. அல்லது மங்கலாக எரியும். பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் மினுக்குகிறதா? பெரும்பாலும் எர்த் கோளாறுதான். தன் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியே திரும்புகிறது. இதை அறியாமல் பல்புக்கு மேல் பல்பாக மாற்றுவோர் பலர்.

தோல் உரிந்த ஒயர் சட்டத்தைத் தொடுவது இதற்கு நேர்மாறு. அங்கே மின்சாரம் விளக்கைச் சந்திக்காமலே குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது. தடையேதும் இல்லாததால் பெருக்கெடுத்து ஓடுகிறது. 12 வோல்ட்டில் 35 வாட் முகப்பு விளக்கு எரிய ஏறத்தாழ 3 ஆம்பியர் போதும். செல்ஃப் உள்ள வண்டியின் பேட்டரி, குறுக்கு வழி கிடைத்தால் நூறு ஆம்பியர் வரை கொட்டக்கூடும். 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் நொடியில் உருகி வழியை அறுத்துவிடும். முறுக்கிய செம்புக் கம்பி உருகாது. அதற்குப் பதிலாக ஒயர்க் கட்டு முழுவதும் உருகும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் இதே ஆபத்துத்தான்.

கோளாறைத் தேடும் முறை

பாயிடம் விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப் ஒன்றுதான். ஒரு நுனியைப் பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, மறுநுனியால் பேட்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இடமாகத் தொடுவார். ஃபியூஸின் முன்புறம், பின்புறம், சாவி சுவிட்ச், கப்ளர், பல்பு ஹோல்டர் என்று வரிசையாக. எங்கே எரிந்து எங்கே எரியவில்லையோ, அவ்விரண்டுக்கும் இடையில்தான் கோளாறு. ஹோல்டர் வரை எரிந்து, பல்பும் நல்லதாயிருந்தால் எர்த்தைப் பார்க்கவேண்டும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளின் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் செல்லும் ஒயர்களில் மட்டும் இதைத் தொடவே கூடாது, பெட்டி பழுதாகிவிடும்.

ஒயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோண்டா வண்டிகளில் பச்சை எர்த். சிவப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது. கறுப்பு, சாவி போட்டபின் மின்சாரம் வருவது. ஒன்றில் கண்டதைப் பிறிதொன்றில் நம்பிவிடலாகாது.

பேட்டரியைக் குறைகூறுமுன் மல்டிமீட்டர் கொண்டு அளந்து பார்ப்பது நலம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே போனால் அதில் சரக்கில்லை என்று பொருள். எஞ்சினை ஓடவிட்டுச் சற்றே முறுக்கினால் 14 அல்லது 14.5க்கு ஏறவேண்டும். ஏறவில்லையெனில், சார்ஜ் கொடுக்கும் மேக்னெட் காயிலையோ ரெகுலேட்டரையோ அவற்றுக்கு இடையிலுள்ள கப்ளரையோ சோதிக்காமல் புது பேட்டரி வாங்குவது வீண்செலவு. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பல்புகள் அடிக்கடி போகும். பழைய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு மேக்னெட்டிலிருந்து நேராக எரிவதால், வண்டி நிற்கையில் மங்குவதும் முறுக்கினால் பிரகாசிப்பதும் இயல்பே. இதைக் கோளாறென்று எண்ணி பேட்டரி மாற்றிய நண்பர் ஒருவர் எனக்குண்டு.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றவேண்டும். மாட்டும்போது கடைசியில் மாட்டவேண்டும். நேர்முனையைத் தளர்த்தும் ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். எதிர்முனை முன்பே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. கண்மாய்க்கரையில் அந்த வாலிபர் எதிர்முனையில் கைவைத்ததன் காரணம் எனக்குப் பிறகே புரிந்தது.

ஒயர்க் கட்டு முழுவதையும் புதிதாக மாற்றவேண்டியதாயிற்று. இப்போது பக்க மூடிக்குள் இரண்டு உபரி ஃபியூஸ்களும் ஒரு ஸ்குரூ டிரைவரும் வைத்திருக்கிறேன்.

துல்ஹஜ் மாதத்தில் ஒருநாள் மதரஸா வாசலில் ஃபியூஸ் மறுபடியும் போயிற்று. உபரி ஃபியூஸை மாட்டினேன், செல்ஃப் எடுத்தது. விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் நின்றது. ஹாரனை அழுத்தியதும் எரிந்துவிட்டது. ஹாரனின் ஒயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றிவிட்டு, எஞ்சியிருந்த கடைசி ஃபியூஸை மாட்டி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். அஸருக்குப் பின் மகள் டார்ச் பிடிக்க, ஒயரைத் தடவிக்கொண்டே போனதில், முன்பக்கக் கிளாம்பின் அடியில் நசுங்கித் தோல் கிழிந்த இடம் அகப்பட்டது. அரையங்குலம்கூட இல்லை. டேப்பைச் சுற்றியது மகள்தான். ஹாரனை அடித்துப் பார்த்ததும் அவளே.