வாட்ச் நின்று போச்சா? கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கு

பீரோவின் உள்ளறையைத் திறந்தால் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு நிச்சயம் கிடக்கும். கல்யாணத்துக்கு மாமா வாங்கித் தந்தது, ஸ்ட்ராப் அறுந்து போனது, 'செல் மாத்தணும்' என்று எடுத்து வைத்து இரண்டு தீபாவளி கடந்து போனது, மாமனார் கட்டியிருந்த சாவி கொடுக்கிற வாட்ச்... எதுவும் ஓடாது. தூக்கி எறியவும் மனசு வராது. கடைக்குக் கொண்டு போகலாமென்றால், 'எவ்வளவு கேட்பானோ, நல்லா இருக்கிறதைக் கழட்டி வெச்சுக்குவானோ' என்று ஒரு பயம்.

இந்தப் பயத்தில் பாதி, மூடிக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் வருவதுதான். அதைத் தெரிந்துகொண்டால் ரிப்பேர்க்காரர் சொல்லும் தொகை நியாயமா, அநியாயமா என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

முதலில், உங்கள் வாட்ச் எந்த ஜாதி என்று பாருங்கள். விநாடி முள் நொடிக்கொரு முறை 'டிக்... டிக்' என்று தாவித் தாவிப் போனால் அது செல்லில் ஓடும் குவார்ட்ஸ். வழுக்கிக்கொண்டு போவதுபோல் நகர்ந்தால் அநேகமாக ஸ்பிரிங்கில் ஓடுவது. காலையில் நாமே சாவி கொடுக்க வேண்டியது ஒன்று. கையசைவிலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் இன்னொன்று. செலவு என்பது இந்த இடத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

செல் போடுகிற வாட்ச்

ரிப்பேர்க் கடையில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

"அண்ணே, இப்பத்தான் செல் போட்டேன், ஆறு மாசம்கூட ஆகலே. மறுபடி நின்னுடுச்சு."

"எங்கம்மா போட்டீங்க?"

"பஸ் ஸ்டாண்டு கிட்ட. அம்பது ரூபாதான் வாங்கினான்."

"அதான்மா விஷயம். இதோ பாருங்க, எல்.ஆர். போட்டிருக்கான்."

அந்த 'எல்.ஆர்.' என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாட்ச் செல்லின் முதுகில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். எஸ்.ஆர். என்று ஆரம்பித்தால் சில்வர் ஆக்ஸைடு செல். எல்.ஆர். என்றால் ஆல்கலைன். இரண்டும் ஒரே அளவு. பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் சில்வர் ஆக்ஸைடு, தீரும் வரைக்கும் ஏறக்குறைய 1.55 வோல்ட்டை ஒரே சீராகக் கொடுக்கும். ஆல்கலைனில் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். சீக்கிரம் கசியவும் செய்யும். பெண்கள் கட்டும் சின்ன வாட்ச்களிலும் ஆண்கள் வாட்ச்களிலும் வெகு சகஜமாகப் போடுவது 626 நம்பர் செல். அதையே 377 என்றும் சொல்வார்கள். "எஸ்.ஆர். செல்லே போடுங்க" என்று கேட்டு, எழுத்தைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். தெருவோரக் கடையில் ஐம்பதுக்கும் நூறுக்கும் முடிகிற வேலை, நல்ல செல் போட்டால் நூறு முதல் இருநூற்றைம்பது வரை ஆகலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்னும் கொஞ்சம் கூடும். சாதாரண வாட்ச்சில் நல்ல செல் இரண்டு வருஷமாவது வரும். நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், எது மலிவு என்று.

விநாடி முள் ஒவ்வொரு நொடியும் போகாமல், நின்று நின்று இரண்டு அல்லது நாலு நொடியை ஒரே தாவாகத் தாவினால் வாட்ச் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பல கம்பெனி வாட்ச்களில், 'செல் தீரப் போகிறது' என்று சொல்வதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

நின்று போன வாட்ச்சை அப்படியே பீரோவில் போட்டு வைப்பதுதான் பெரிய நஷ்டம். தீர்ந்த செல் உள்ளேயே கசிந்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, பொடிசாக இருக்கும் சர்க்யூட்டை அரித்துவிடும். நூறு ரூபாயில் முடிய வேண்டியது, 'மெஷினே மாத்தணும்' என்று வந்து நிற்கும். இப்போதைக்குக் கட்டப் போவதில்லை என்றால், செல்லை மட்டுமாவது கழற்றித் தரச் சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள்.

'மெஷினே மாத்தணும்' என்று சொன்னால் உடனே, 'ஏமாத்தறான்' என்று நினைத்துவிடவும் கூடாது. குவார்ட்ஸ் வாட்ச்சின் உள்ளே, நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு சின்ன படிகக் கல்லும் ஒரு சர்க்யூட்டும் இருக்கின்றன. உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பர் 25-ம் தேதி ஜப்பானில் செய்கோ கம்பெனி விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 4,50,000 யென். அந்தக் காசுக்கு அங்கே ஒரு சின்ன கார் வாங்கியிருக்கலாம்! இன்றைக்கு அதே வேலையைச் செய்யும் முழு மெஷினும் கடைக்காரருக்குச் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடுகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழுது பார்க்கிற கூலியைவிடப் புது மெஷின் மலிவு. ஆகவே சாதாரண வாட்ச்சுக்கு ஏறக்குறைய முந்நூறு முதல் அறுநூறு வரை கேட்டால் அது நியாயம்தான். ஆனால் வாட்ச் வாங்கினதே ஐந்நூறுக்கு என்றால்? ஸ்ட்ராப்பை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

மாமனாரின் சாவி வாட்ச்

இதுதான் மனசைத் தொடுகிற ரகம். அநேகமாக அது ஒரு எச்.எம்.டி.யாக இருக்கும். அரசாங்கக் கம்பெனியான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசனுடன் கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் 1961-ல் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று பெயர்கள். எத்தனை மாப்பிள்ளைகளின் கையில் ஏறியவை! டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் 1987-ல் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களை இறக்கியதும், சாவி வாட்ச்சுக்கு மவுசு குறைந்தது. எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூடிவிட மத்திய அமைச்சரவை 2016-ல் முடிவெடுத்தது. அதனால் தொழிற்சாலைப் புது உதிரி பாகம் கிடைப்பது அரிது. ஓடாத இன்னொரு வாட்ச்சிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். இதை ரிப்பேர்க்காரர் மறைக்காமல் சொன்னால் நல்ல மனிதர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சாவி வாட்ச்சுக்கு சர்வீஸ் எதற்கு என்று கேட்கலாம். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறோமே, எதற்கு? அதேதான். பழைய எச்.எம்.டி. போன்ற வாட்ச்களில் பாலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியுமாக ஒரு மணிக்கு 18,000 தடவை அடிக்கிறது. நாளொன்றுக்கு 4,32,000. ஐந்து வருஷம் விடாமல் ஓடினால் 78 கோடிக்கு மேல். இத்தனை ஆட்டத்துக்கும் ஆதாரம், ஊசி முனையில் எடுத்து வைக்கிற ஒரு பொட்டு எண்ணெய். அது சில வருஷத்தில் காய்ந்து பிசினாகிவிடும். பிறகும் சாவி கொடுத்து ஓட்டிக்கொண்டே இருந்தால் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும்.

சர்வீஸ் என்றால் மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தருவதல்ல. அப்படிச் செய்து நூறு ரூபாய் வாங்குகிறவர்களும் உண்டு. வாட்ச் நாலு மாசம் ஓடும், அழுக்கும் எண்ணெயும் கலந்து மறுபடி நிற்கும். ஒழுங்கான சர்வீஸ் என்றால் முள், டயல், பாலன்ஸ், சக்கரங்கள், மெயின் ஸ்பிரிங் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, கழுவி, காயவைத்து, திரும்பப் பூட்டி, இடத்துக்கேற்ற எண்ணெயை இட்டு, ஒன்றிரண்டு நாள் ஓடவிட்டு நேரம் பார்க்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட பொடிப் பொடிப் பாகங்கள். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துச் செய்கிற வேலை. இதற்குச் சாதாரண ஊர்களில் ஏறக்குறைய நானூறு முதல் எண்ணூறு வரை ஆகிறது; பாகம் மாற்றினால் தனி. ஆட்டோமேட்டிக்குக்கு இன்னும் அதிகம். வெளிநாட்டு உசத்தி வாட்ச்கள் பல ஆயிரங்களைத் தின்னும். என்னைக் கேட்டால், அரை நாள் கண் வலிக்க உழைப்பவருக்குக் கொடுக்கும் அறுநூறு ரூபாயில் பேரம் பேசக் கூடாது. புடவைக் கடையில் பேசிக்கொள்ளலாம்.

'17 ஜுவல்' என்று டயலில் போட்டிருப்பதைப் பார்த்து, "உள்ளே இருக்கிற கல்லை எடுத்துக்கிட்டு வேற கல்லு வெச்சுடுவாங்க" என்று பாட்டிமார் காலத்திலிருந்து ஒரு பேச்சு உண்டு. அந்தக் கல் செயற்கை மாணிக்கம். சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழலுவதற்காக வைத்திருப்பது. விற்றால் டீச்செலவுக்குக்கூடக் காணாது. கவலைப்பட வேண்டியது கல்லைப் பற்றி அல்ல. ஒரிஜினல் டயலையும் மெஷினையும் பற்றித்தான். பழைய எச்.எம்.டி.க்கு இப்போது கிராக்கி இருக்கிறது. கண்ட பாகங்களைச் சேர்த்து, பளபளவென்று புது டயல் அடித்து, பழைய வாட்ச் என்று விற்கிற வியாபாரமும் நடக்கிறது. எனவே கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளேயும் வெளியேயும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியில் உள்ள நம்பரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "பழைய பார்ட்டைக் கையில குடுத்துடுங்கண்ணே" என்று முதலிலேயே சிரித்தபடி சொல்லிவிடலாம். யோக்கியமானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டயல் பழுப்பேறியிருந்தாலும் இருக்கட்டும். 'புதுசாக்கித் தர்றேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரியவர் பார்த்த முகமல்லவா அது!

இன்னொன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாவி வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் ஃபாஸ்டாக ஓடினால், சர்வீஸுக்குப் பணம் எண்ணி வைக்காதீர்கள். காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பொத்தான், மொபைல் போனின் காந்த உறை, இவற்றின் பக்கத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் எடுக்கிற சின்னக் கருவியில் வைத்து எடுத்தால் சில நிமிஷ வேலை. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சமையலறையும் வாட்ச்சும்

'வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்' என்று போட்டிருப்பதை நம்பிப் பாத்திரம் தேய்க்கிறவர்கள் உண்டு. முப்பது மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. சோதனைச் சாலையில் அசையாத நிலையில் கொடுத்துப் பார்த்த அழுத்தம் அது. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சுடுதண்ணீர், சோறு வடிக்கிற ஆவி, சோப்பு எல்லாம் சேர்ந்து பின்மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும். செல் மாற்றும்போதெல்லாம் அந்த வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றினாலும் பெரிய தொகை ஆகாது. கண்ணாடிக்குள் பனி மூட்டம் தெரிந்தால் அன்றைக்கே திறந்து காயவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் துருவுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

மணிக்கட்டில் வாட்ச்சின் அடியில் மட்டும் வட்டமாகச் சிவந்து அரித்தால் பல சமயம் காரணம் நிக்கல் என்ற உலோகம். வியர்வையில் கரைந்து ஒத்துக்கொள்ளாமல் போகிறது. கழற்றி வைத்து ஆறினால் காரணம் அதுவாக இருக்கலாம். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் பின்மூடி உள்ளதாக மாற்றிக்கொள்ளலாம்; ஆறாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

'போன் இருக்கையில் வாட்ச் எதற்கு?' என்கிற கேள்வி நியாயமானதே. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் விநாடி முள் உள்ள ஒரு வாட்ச் ஓட வேண்டும் என்பேன். சளி, இருமலோடு குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால், அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாசம் முடிந்து ஒரு வயது ஆகும் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது நிமோனியாவாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டு உட்காரவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். போனில் எண்ணலாம்தான். பாதியில் ஒரு அழைப்பு வரும், இல்லாவிட்டால் குழந்தையே போனைப் பிடுங்க எழுந்து உட்காரும்.

செல் விஷயத்தில் கடைசியாக ஒன்று, செலவைவிட முக்கியம். கழற்றிய பழைய செல்லைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பொட்டு மாதிரி பளபளக்கும். தவழுகிற குழந்தைக்கு அது தின்பண்டம். அதைவிட ஆபத்தானது ரிமோட், பொம்மை, கார் சாவி, எடை மெஷின் இவற்றில் இருக்கும் காசு அளவு லித்தியம் செல், சி.ஆர். 2032 என்று போட்டிருக்கும். விழுங்கி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும். தீர்ந்து போன செல்லும் இதைச் செய்யும். எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று சளிக் காய்ச்சல் மாதிரியே தோன்றும். சந்தேகம் வந்தாலே போதும், 108-ஐக் கூப்பிட்டோ ஆட்டோவிலோ எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு வயது நிரம்பிய குழந்தை, லித்தியம் செல்லை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால், முழுங்க முடிகிற பட்சத்தில், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கொரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகம் போனால் ஆறு தடவை கொடுக்கலாம். தேன் தேடி வீட்டில் நேரத்தை வீணாக்கக் கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டிருந்தால் சொட்டு மருந்து எதுவும் விடாமல் அப்போதே டாக்டரிடம் போய் எடுத்துவிட வேண்டும். இன்று சாயங்காலமே வீட்டு ரிமோட்களை எல்லாம் எடுத்து, செல் மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் புது ரிமோட் வரும்வரை டேப் போட்டு ஒட்டி, குழந்தைக்கு எட்டாத பரணில் வையுங்கள்.