கூரையில் விழும் வெயிலும் குடும்பக் கணக்கும்

கதிரவனைக் கண்கண்ட தெய்வமாகப் போற்றுவது நம் மரபு. தைத்திங்கள் முதல் நாளில் வாசலில் பொங்கலிட்டு அவனுக்கு நன்றி சொல்கிறோம். அந்தக் கதிரவனே வீட்டு மின்கட்டணத்தையும் குறைப்பான் என்று கேள்விப்பட்டதிலிருந்து நம்மவரிடையே ஆர்வம் பெருகியிருக்கிறது. மின்பணியில் பல்லாண்டு இருந்தவன் என்பதால், ஆலயத்தில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அமரும்போது "சூரியத் தகடு போட்டால் இலாபமா?" என்று அன்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அதற்கான விடையை இம்மலரில் விளக்க விழைகிறேன்.

என்னிடம் உள்ள விடைகள் இரண்டு. என் வீட்டிற்குப் "போடலாம்" என்றேன். என் அக்காள் வீட்டிற்கு "வேண்டாம்" என்றேன். இரண்டு வீடுகளுக்கும் இடையே மூன்று தெருக்கள்தாம். வெயில் ஒன்றே, கணக்குதான் வேறு.

தகடு எவ்வாறு வேலை செய்கிறது?

சிலிக்கன் தகட்டின்மீது ஒளி படும்போது அதில் மின்னோட்டம் பிறக்கிறது. நடைமுறைக்கு ஏற்ற முதல் சிலிக்கன் மின்கலத்தை 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் வெளிப்படுத்தியது. தன்மேல் விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காட்டையே அது மின்சாரமாக்கியது. இன்று வீடுகளில் பொருத்தப்படும் தகடுகள் 20 விழுக்காட்டுக்கும் மேல் மாற்றுகின்றன. தகடு தரும் நேர்மின்சாரத்தை, வீட்டிற்கு வேண்டிய மாறுமின்சாரமாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர் என்னும் கருவி.

தகட்டிற்கு வேண்டியது ஒளியே தவிர வெப்பம் அன்று. சூடு ஏற ஏற அதன் உற்பத்தி குறையும். ஆகவே கூரைக்கும் தகட்டிற்கும் இடையே காற்றோட்டம் தேவை. மழை, மேகம், சூடு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், தீபகற்ப மலேசியாவில் 1 கிலோவாட் திறனுள்ள தகடுகள் மாதம் ஏறக்குறைய 100 யூனிட் தரும் என்று கணக்கிடலாம். 5 கிலோவாட் என்றால் 500 யூனிட்.

அக்காள் வீட்டுக் கணக்கு

பிள்ளைகள் தலைநகருக்குச் சென்றுவிட்டதால் என் அக்காள் தனியே வசிக்கிறார். ஒருநாள் விற்பனையாளர் ஒருவர் வந்து சென்றபின் என்னை அழைத்தார். "தம்பி, 25 வருசத்துக்குக் கரண்டு ஓசியாம். 22,000 வெள்ளிதானாம். அத்தானுடைய சேமநிதிப் பணம் இருக்கிறதே, அதை எடுத்துக் கொடுத்துவிடலாமா?" என்றார்.

நான் அவருடைய மின்கட்டணச் சீட்டைக் கேட்டேன். மாதம் 190 யூனிட். 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்புக்கு வந்த கட்டண முறையில், 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு யூனிட் விலை 44.43 காசு. ஆனால் மாதம் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோர்க்கு யூனிட்டிற்கு 25 காசு தள்ளுபடி உண்டு. பயன்பாடு கூடக் கூட இத்தள்ளுபடி தேய்ந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமற்போகிறது.

ஆக, அக்காள் கட்டுவது மாதம் சுமார் 37 வெள்ளி. ஆண்டுக்கு 444 வெள்ளி. அத்தொகை முழுவதும் மிச்சமானாலும் 22,000 வெள்ளி திரும்பிவர ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆகும். தகட்டிற்கு உத்தரவாதமே பெரும்பாலும் 25 ஆண்டுதான். "அத்தான் பணம் வங்கியிலேயே இருக்கட்டும், அக்கா" என்றேன். அவரும் கையெழுத்திடவில்லை.

என் வீட்டுக் கணக்கு

என் வீடு கூட்டுக் குடும்பம். மாதம் 900 யூனிட் செலவாகிறது. கட்டணம் 400 வெள்ளியை எட்டும். 5 கிலோவாட் அமைப்பிற்கு நான் கொடுத்த விலையும் 22,000 வெள்ளிதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூன் வரை விண்ணப்பங்களை ஏற்ற பழைய திட்டத்தில், நாம் வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டிற்கு ஈடாக ஒரு யூனிட் கழிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய புதிய திட்டத்தில், உபரி மின்சாரத்திற்கு எரிசக்திக் கட்டணமான சுமார் 27 காசுதான் கழிக்கப்படும். எனவே பகலில் நாமே பயன்படுத்தும் யூனிட்டின் மதிப்பு 44 காசு. வெளியே போகும் யூனிட்டின் மதிப்பு 27 காசு.

தொடக்கத்தில் 500 யூனிட்டில் 200ஐத்தான் நாங்கள் பகலில் பயன்படுத்தினோம். மிச்சம் மாதம் 170 வெள்ளி. பிறகு துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, இட்லிக்கு மாவரைப்பது ஆகியவற்றை என் துணைவியார் முற்பகலுக்கு மாற்றினார். பகல் பயன்பாடு 300 யூனிட் ஆயிற்று. மிச்சம் 187 வெள்ளிக்கு உயர்ந்தது. இந்தக் கணக்கில் முதல் திரும்பிவரச் சுமார் 10 ஆண்டுகள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. இரப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பின்பு ஆண்டுக்கணக்கில் பலன் தரும், முதிர்ந்தால் மறுநடவு. தகடும் அப்படித்தான். ஆண்டுதோறும் அதன் உற்பத்தி அரை விழுக்காடு அளவில் குறையும். இன்வெர்ட்டரை 10 முதல் 15 ஆண்டுகளில் மாற்ற நேரிடலாம். அதற்குச் சில ஆயிரம் வெள்ளியை ஒதுக்கி வைக்க வேண்டும்.

அன்பர்கள் கவனிக்க வேண்டியவை

1. கடந்த 12 மாதக் கட்டணச் சீட்டுகளைப் பாருங்கள். மாதம் 300 யூனிட்டுக்குள் என்றால் அவசரம் வேண்டாம்.

2. பகலில் வீட்டில் ஆள் உண்டா என்று எண்ணிப்பாருங்கள். எல்லாரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் பலன் குறைவு.

3. மின்கலம் இல்லாத சாதாரண அமைப்பு, மின்தடையின்போது தானாகவே நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்போரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

4. சேமநிதியை எடுத்துப் போடுமுன், அது தரும் ஈவுத்தொகையோடு ஒப்பிடுங்கள். 2024ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி 6.30 விழுக்காடு தந்தது. முதலும் அப்படியே இருந்தது. தகட்டில் போட்ட முதல் தேய்ந்து மறையும். அதிக வட்டிக்குக் கடன் வாங்கிப் போட்டால் மிச்சம் முழுவதும் வட்டிக்கே போய்விடும்.

5. கூரை பழையதானால் முதலில் அதைச் செப்பனிடுங்கள். பிறகு செய்தால் தகடுகளைக் கழற்றி மாட்டும் கூலி தனி.

வெயில் இறைவன் தந்த கொடை. அதற்கு விலை இல்லை. தகட்டிற்கு விலை உண்டு. ஆகவே கையெழுத்திடுமுன் ஒரு மாலை நேரம் குடும்பத்தோடு அமர்ந்து கணக்குப் போடுங்கள். ஓராண்டு காலமாய் என் கூரை உழைக்கிறதோ இல்லையோ என்று அக்காள் வரும்போதெல்லாம் மீட்டரை எட்டிப் பார்க்கிறார். "உனக்கு ஓடட்டும் தம்பி, எனக்கு முப்பத்தேழு வெள்ளியே போதும்" என்று சிரிக்கிறார். இரண்டு வீட்டிலும் நிம்மதி இருக்கிறது. அனைவர் இல்லங்களிலும் அந்த நிம்மதி நிலைக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.