உங்களுக்குத் தெரியுமா? மோட்டார் சைக்கிளின் பிரேக் ஆயில்

● மோட்டார் சைக்கிளை ஓட்டாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாலும் பிரேக் ஆயில் கெட்டுப்போகும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. ரப்பர் குழாயின் சுவர் வழியாகக்கூட ஈரம் மெல்லப் புகுந்துவிடும். அதனால்தான் எஞ்சின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு, பிரேக் ஆயிலுக்கு ஆண்டுக் கணக்கு. ஹோண்டா, யமாஹா கையேடுகள் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. வருடம் முழுக்கப் புழுக்கமும் மழையுமாக இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

● பிரேக் ஆயிலில் ஒரு வகையான டாட் 4, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இது 205-இலிருந்து 140, டாட் 5.1-க்கு 260-இலிருந்து 180.

● கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கிறோம். டிஸ்க்கின் சூடு காலிப்பருக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் ஏறுகிறது. பழைய ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். லிவர் ஹேண்டில் வரை வந்துவிடும், வண்டி மட்டும் நிற்காது. சூடு தணிந்ததும் பிரேக் பழையபடி பிடிப்பதால் கோளாறு இருந்ததே தெரியாமல் போய்விடும். ஆபத்தே அதுதான்.

● மலைப்பக்கமே போகாதவரும் ஆயிலை மாற்றத்தான் வேண்டும். கிள்ளானிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டியிலும் ஆயிலில் சேர்ந்த நீர் காலிப்பர் பிஸ்டனை அரிக்கும். பிரேக் இறுகி ஒட்டிக்கொள்ளும்.

● திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக்குக்கு 1917-இல் காப்புரிமை பெற்றவர் மால்கம் லாக்ஹீட். அவருடைய குடும்பப் பெயரைத்தான் லாக்ஹீட் விமான நிறுவனமும் தாங்கியது. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750, திரவ அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்கை முன்சக்கரத்தில் பொருத்தி உலகெங்கும் பரவலாக்கியது.

● நம் ஊர்த் தெருவெல்லாம் ஓடும் ஹோண்டா இஎக்ஸ்5-க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். அதில் பிரேக் ஆயிலே கிடையாது. யமாஹா ஒய்15-க்கு இரண்டு சக்கரத்திலும் டிஸ்க். அதில் முன்னும் பின்னும் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

● வீட்டிலேயே மாற்ற அதிகம் தேவையில்லை: பெரும்பாலான வண்டிக்கு 8 மில்லிமீட்டர் ஸ்பேனர், மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடிபோன்ற குழாய், ஒரு பாட்டில், ஆயில் கிண்ணத்தின் மூடியில் எழுதியிருக்கும் வகையில் சீல் உடைக்காத புது ஆயில். டாட் 5 வேண்டாம். அது சிலிக்கோன், டாட் 4 கேட்கும் வண்டிக்கு ஆகாது. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுகூடக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும்.

● வேலையின் உயிர் வரிசையில்தான் இருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பி, மேலே இருக்கும் ஆயில் கிண்ணம் மட்டமாக நிற்கும்படி வையுங்கள். காலிப்பர் நிப்பிளில் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் சிறிது ஆயில் ஊற்றி அதில் மூழ்கவிடுங்கள். லிவரை நாலைந்து முறை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். லிவர் கீழே இறங்கும். நிப்பிளை மூடுங்கள். அதன் பிறகே லிவரை விடுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மூடுமுன் விட்டால் காற்று உள்ளே ஏறும். கிண்ணத்தில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போனாலும் காற்று ஏறும். அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருங்கள். குழாயில் முதலில் தே ஓ நிறத்தில் பழைய ஆயில் வரும். குமிழ் இல்லாமல் வெளிர் மஞ்சளாக வந்தால் வேலை முடிந்தது.

● பிரேக் ஆயில் பெயிண்ட்டை உரித்துவிடும். டேங்கையும் மட்கார்டையும் துணியால் மூடிவிட்டுத் தொடங்குங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அது நீரில் கரையும்.

● 150 சிசிக்கும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல்களுக்கு மலேசியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) கட்டாயம். சில ஏபிஎஸ் வண்டிகளில், பம்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றக் கணினிக் கருவி வேண்டும். கையேட்டைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

● பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள்; அது ஆற்றில்தான் போய்ச் சேரும். பாட்டிலில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். எஞ்சிய புது ஆயிலையும் அடுத்த முறைக்கென்று வைத்திருக்காதீர்கள். திறந்த டப்பாவும் ஈரத்தை இழுக்கும்.

● வேலை முடிந்ததும் லிவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு. பஞ்சுபோல் அமுங்கினால் காற்று. இரண்டும் இல்லையென்றால், வீட்டு முன்னே நடை வேகத்தில் ஓட்டி இரு பிரேக்கையும் சோதியுங்கள். சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் சாலைக்கு எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். எல்லாம் சரியென்றால், மாற்றிய தேதியைச் சீட்டுக்குக் கீழே எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை அதிலிருந்து 2 ஆண்டு.