புழு வைத்த வாய்

மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் மணமேல்குடிப் பக்கம் யாரும் பதறுவதில்லை. சீத்தா இலையை அரைத்து அப்புவார்கள், இல்லாவிட்டால் தேங்காயெண்ணெயில் கற்பூரம். படுக்கையில் கிடக்கும் பெரியவர் வாயில் புழு நெளிந்தால்தான் வீடே ஒடுங்கிப் போகும். அன்று அதைப் பாவம் என்றார்கள், செய்வினை என்றார்கள். வெளியே சொல்லக் கூசினார்கள். 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை இந்தப் பகுதி தஞ்சை மாவட்டம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் தஞ்சாவூர்தான். நினைவு தப்பிய கிழவரை அவ்வளவு தூரம் யார் தூக்கிப் போவது?

கருவாட்டில் மொய்க்கிற ஈதான் காரணம் என்பவர்கள் உண்டு. பாவம், அது பெரும்பாலும் செத்த மீனோடு சரி. இந்தியாவில் இந்தக் கேட்டை அதிகம் செய்யும் கிரைசோமியா பெசியானா என்ற ஈயின் புழு உயிருள்ள சதையில்தான் வளரும். பக்கவாதத்தில் வாய் மூடாமல் தூங்குபவரின் ஈறுப்புண் அதற்குப் போதும். ஈ அதில் நூற்றுக்கு மேல் முட்டையிடும். ஒரு நாளில் பொரிந்து வரும் புழு, ஒரு வாரம்போலச் சதையைத் தின்னும்.

அந்தக் காலத்து டாக்டர் கையில் இருந்தது டர்பன்டைன். பஞ்சில் நனைத்துப் புண்ணில் வைத்தால், பின்பக்கத் துளையால் மூச்சுவிடும் புழு திணறி வெளியே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். உடம்பைச் சுற்றி முள் வரிசை. அவசரப்பட்டால் அறுந்து பாதி உள்ளே தங்கிவிடும். இந்தப் பொறுமை வேலை இன்றும் மாறவில்லை. கூடவே இப்போது ஐவர்மெக்டின் மாத்திரையும் தருகிறார்கள். சடோஷி ஒமுரா ஜப்பான் மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது; அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. இடுக்கிக்கு எட்டாத ஆழத்தில் பதுங்கியதையும் அது முடக்கும். 2023இல் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கூப்பிட்டால் 108 வருகிறது.

வீட்டுக்குள்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூரில், துபாயில். சம்பளத்துக்கு வரும் அம்மா உடம்பைத் துடைப்பார், கஞ்சி ஊட்டுவார். வாயைத் திறந்து பார்க்க மாட்டார். அவரை மட்டும் குறை சொல்வானேன், பெற்ற பிள்ளைகளே பார்ப்பதில்லை.

விரலில் ஈரத்துணி சுற்றிக் காலையும் இரவும் ஈறு, அண்ணம் எல்லாம் துடையுங்கள். பல்செட்டைக் கழற்றிக் கழுவுங்கள். பகலிலும் கொசுவலை போடுங்கள். முன் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, அழுகல் நாற்றம் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மாட்டுக்குப் போடுகிற கற்பூர எண்ணெயை மட்டும் வாயில் விட்டுவிடாதீர்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.